சரளை என்றொரு சொல் இருக்கிறது

‘மலைப்பாங்கான கிராமப்புறப் பள்ளத்தாக்கில் போக்குவரத்து இல்லாத கூழாங்கல் பைக்கிங்.’ ஆங்கிலச் சுற்றுலா விளம்பரம் ஒன்றின் தமிழாக்கம் இது. தார் போடாத கல்மண் பாதையில் சைக்கிள் விடுவதை ஆங்கிலத்தில் ‘கிராவல் பைக்கிங்’ என்பார்கள்; அந்தக் கிராவல்தான் இங்கே கூழாங்கல் ஆகியிருக்கிறது. இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இந்தத் தொடர் என் மேசைக்கு வந்திருக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து பிறர் தமிழில் பிழை பார்த்துப் பிழைக்கிறவன் நான். ஊர்ப் பெயர், தேதி, கட்டணம் மூன்றும் சரியாக இருந்தால் போதும், மற்றதைத் தொடவேண்டாம் என்பது உத்தரவு. முதல் இரண்டு முறை தொடவில்லை. இந்த முறை கை கேட்கவில்லை.

கிராவல் என்ற சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பழைய பிரெஞ்சில் பருமணலுக்கும் அது கிடக்கும் கரைக்கும் ‘கிராவ்’ என்று பெயர். அதன் சிறுமை வடிவமே ஆங்கிலத்துக்குப் போய் கிராவல் ஆயிற்று. வேர் கெல்டிக் மொழியில் இருக்கலாம் என்பார்கள். போர்தோ பக்கம் கல் நிலத்தில் விளையும் திராட்சை மதுவுக்கு இன்றும் கிராவ் என்றே பெயர். பாரீசில் சேன் ஆற்றங்கரைத் திடல் ஒன்றும் இதே குடும்பத்துப் பெயரைத் தாங்கியிருந்தது. வேலையில்லாதவர்கள் அங்கே கூடி நின்றதால் பிரெஞ்சில் வேலைநிறுத்தத்துக்கே ‘கிரேவ்’ என்ற பெயர் வந்துவிட்டது. கற்களின் கதை அங்கே முடியட்டும். தகராறு தமிழில்தான்.

கூழாங்கல் என்றால் என்ன? ஆறு பல காலம் உருட்டி, முனை மழுங்கி, கையில் எடுத்தால் வழுக்கும் கல். தொட்டியில் மீனுக்குப் போடுவது, பிள்ளைகள் சட்டைப்பையில் சேர்ப்பது. அதன் மேல் சைக்கிள் விட்டால் என்ன ஆகும் என்று மொழிபெயர்த்தவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அல்சூரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த மனையில் கட்டட வேலை நடக்கிறது. மேஸ்திரி திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். வாசலில் முக்கால் ஜல்லி ஒரு குவியல், அரை ஜல்லி ஒரு குவியல், எம்.சாண்ட் ஒரு குவியல். “மேஸ்திரி, கூழாங்கல்லைக் கொட்டிச் சாலை போட்டால் என்ன?” என்று கேட்டேன். அவர் குனிந்து இரண்டு ஜல்லிகளை எடுத்து ஒன்றோடொன்று அழுத்திக் காட்டினார். முனை முனையில் மாட்டிக்கொண்டு நின்றது. “இதற்கு மூலை இருக்கிறது, அதனால் பிடிக்கிறது சார். கூழாங்கல்லுக்கு ஏது மூலை? மேலே ஏறினால் உருண்டுவிடும்” என்றார். ஜான் மெக்காடம் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலை போடும் முறையை மாற்றியதும் இந்த அடிப்படையில்தான். உடைத்த சிறு கற்களை நிரப்பினால் வண்டி ஏற ஏற அவை இறுகும்.

அளவுக் கணக்கு வைத்து என்னோடு வாதிடுகிறவர்களும் உண்டு. இந்திய மண் வகைப்பாட்டில் 4.75 மில்லிமீட்டருக்கு மேல் 80 மில்லிமீட்டர் வரை உள்ளதெல்லாம் கிராவல். ஆகவே கூழாங்கல்லும் கிராவல்தானே என்கிறார்கள். மல்லிகையும் பூதான். அதற்காகப் பூக்கடையை மல்லிகைக்கடை என்று பெயர்ப்போமா? அதிலும் இந்த விளையாட்டு பெயர் பெற்ற இடம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலம். அங்கே எம்போரியா என்ற ஊரில் 2006இல் தொடங்கிய பந்தயத்தின் தூரம் 200 மைல், நம் கணக்கில் 320 கிலோமீட்டருக்கு மேல். அது நடக்கும் குன்றுகளுக்குப் பெயரே சக்கிமுக்கிக் குன்றுகள். கற்கள் டயரைக் கத்திபோல் கீறும். அதைப் போய்க் கூழாங்கல் என்றால் அந்த ஊர்க்காரன் அழுதுவிடுவான்.

சரி, ஜல்லி? அது நம் அன்றாடச் சொல், கன்னடத்திலும் அதே சொல்தான், பெங்களூரில் யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஜல்லி என்பது குவாரியில் உடைத்துச் சலித்து அளவு பிரித்த சரக்கு. முக்கால், அரை என்று விலை வைத்து விற்பது. மலையடிவாரத்து வண்டிப்பாதையில் தானாகக் கிடப்பது ஜல்லி அன்று. கப்பி என்பதைச் சிலர் சொல்கிறார்கள். நல்ல சொல், கப்பிச் சாலை என்று எழுதியும் வந்திருக்கிறோம். ஆனால் செய்தித்தாளில் கப்பி எப்போது வருகிறது என்று பாருங்கள்: ‘கப்பி பெயர்ந்து கிடக்கும் சாலை, பொதுமக்கள் அவதி’. தார் வந்து சேராத சாலையின் புலம்பல் அந்தச் சொல்லில் ஏறிவிட்டது. காசு கொடுத்து விடுமுறைக்குப் போகிறவனை அங்கே அழைக்க முடியாது.

மிச்சம் இருப்பது பரல். இதற்காக ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரோடு எனக்கு இரண்டு வாரம் போர் நடந்தது. “தம்பி, பரலுருளி என்று எழுதுங்கள், அவ்வளவுதான்” என்றார் முதல் நாளே. பாலை நிலத்துப் பரற்கல் சங்கப் பாட்டிலேயே இருக்கிறது என்பது அவர் கட்சி. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இன்று பரல் என்றதும் யார் மனத்திலும் காடு தோன்றாது, சிலம்புதான் குலுங்கும். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல், பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்துப் பரல். ஓர் அரசே அந்த வேறுபாட்டில் கவிழ்ந்தது. அந்தச் சொல்லை எடுத்து, அதோடு சைக்கிளுக்கு யாரும் சொல்லாத ‘உருளி’யையும் கட்டினால், படிக்கிறவன் அதை ஏதோ நகையென்றோ பாத்திரமென்றோ நினைப்பான். பழைய சொல்லை மீட்பது நல்ல காரியம். அதைக் கட்டணச் சீட்டில் தொடங்க வேண்டாம் ஐயா என்றேன். “உங்களுக்குத் துணிவில்லை” என்றார். இருக்கலாம்.

என் சொல் சரளை. சரளை மண், சரளை மேடு என்று ஊரில் சொல்கிறார்களே, அது. மலையாளத்திலும் சரல் என்கிறார்கள். கல்லும் மண்ணும் கலந்து, பெரிதும் சிறிதுமாக, யாரும் சலிக்காமல் கிடப்பது. சக ஊழியர் ஒருவர், “சரளமாக ஓட்டுவது என்று புரிந்துகொண்டால்?” என்று கேட்டார். சரளமாகப் பேசுகிறவர்களை நாற்பது ஆண்டாகப் பார்த்துவருகிறேன். ஒருவரையும் யாரும் கல்லென்று நினைத்ததில்லை.

கிராவல் என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கிராவல் ஏற்கெனவே தமிழ்ச் சொல் ஆகிவிட்டது, வேறு பொருளில். நம் பத்திரிகைகளில் ‘கிராவல் மண்’ என்றால் லாரியில் போகும் செம்மண் கலவை. அடுத்த சொல் பெரும்பாலும் ‘கடத்தல்’. கிராவல் பைக் என்று விளம்பரம் போட்டால் கனிமவளத் துறை வந்து நிற்கும்.

பைக் என்பதும் அப்படியே. ஆங்கிலத்தில் அது சைக்கிளையும் குறிக்கலாம். தமிழில் பைக் என்றால் பெட்ரோல் குடிப்பது, புகை விடுவது. மோட்டார் சத்தத்திலிருந்து தப்பி ஓடுகிறவனுக்கு மோட்டாரையே பெயராக வைத்திருக்கிறார்கள். மிதிவண்டி என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் சைக்கிள் என்பதில் யாருக்கு என்ன குறை?

இதையெல்லாம்விட என்னை வாட்டியது ‘போக்குவரத்து இல்லாத’. போக்கும் வரத்தும் சேர்ந்தது போக்குவரத்து. அது இல்லாத பாதையில் யாரும் போவதில்லை, வருவதில்லை. பஸ் போக்குவரத்து இல்லாத கிராமம் என்று நாம் எழுதினால் அது மனு கொடுக்க வேண்டிய குறை. இங்கே அதை வசதிகளின் பட்டியலில் முதலாவதாகப் போட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சொன்னது கார், லாரித் தொல்லை இல்லை என்பதைத்தான். வண்டி வராத பாதை என்று முதலில் திருத்தினேன். பிறகு அதையும் அடித்தேன்.

காரணம், அக்கா மகன் என்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் பின்பக்கம் அழைத்துப் போயிருந்தான். 1,478 மீட்டர் உயரம்; தென்பெண்ணையும் பாலாறும் பிறக்கும் மலைத்தொடர் அது. தார்ச்சாலையில் விடியும் முன்பே சைக்கிள்காரர்கள் கூட்டம், அவர்களுக்குப் பின்னால் கார்களின் கூட்டம். அவன் திராட்சைத் தோட்டத்து வேலியோரம் திரும்பி ஒரு செம்மண் தடத்தில் இறக்கினான். சாலைச் சைக்கிளில் 28 மில்லிமீட்டர் டயர் என்றால் இதில் 40. காற்றையும் குறைத்துத்தான் அடைத்திருந்தான். சக்கரத்தின் கீழே சரளை நெரிபடும் ஓசை, அவ்வப்போது ஒரு கல் தெறித்துச் சட்டத்தில் டிங் என்று படும் ஓசை, வேறொன்றும் இல்லை. “மாமா, பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள், சக்கரம் போகிற போக்கில் விடுங்கள்” என்றான். விட்டேன். எதிரே மல்பெரித் தழை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று வந்தது. ஓரமாக இறங்கி வழிவிட்டோம். வண்டி வரத்தான் செய்கிறது. வராதது மோட்டார்.

ஆகவே ‘மலையிடைப் பள்ளத்தாக்கில், மோட்டார் வராத சரளைப் பாதையில் சைக்கிள் பயணம்’ என்று எழுதி அனுப்பினேன். நேற்று இறுதிப் படி வந்தது. மோட்டார் வராத என்பதை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். சரளை இருந்த இடத்தில் ‘கிராவல் மண்’.