நடுவில் நிற்பவருக்கு ஏன் டெபாசிட் போகிறது?

2024 மக்களவைத் தேர்தலில் தர்மபுரியில் வென்ற திமுகவுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 4.33 லட்சம் வாக்கு. பாமகவுக்கு 4.11 லட்சம், அதிமுகவுக்கு 2.94 லட்சம். தோற்ற இருவரையும் கூட்டினால் 7 லட்சம் தாண்டும். இதில் முறைகேடு ஏதும் இல்லை. அதிக வாக்கு வாங்கியவர் ஜெயிப்பதுதான் நம் விதி. ஆனால் தன் வேட்பாளர் இல்லையென்றால் யாரை ஏற்றிருப்பார் என்று வாக்காளரிடம் அந்த விதி கேட்பதே இல்லை. நடுநிலைக் கட்சி அடிபடுவது அங்கேதான்.

சூளகிரிப் பக்கம் ஒரு கற்பனை ஊர், 100 ஓட்டு. சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதுதான் பிரச்சினை. ‘முழுசும் எடுக்கட்டும், வேலை வரும்’ என்பவர்கள் 40. ‘ஒரு சென்ட்டும் தரமாட்டோம்’ என்பவர்கள் 35. ‘தரிசை எடுத்துக்கோ, மாந்தோப்பைத் தொடாதே’ என்பவர்கள் 25. முதல் இரு தரப்புக்கும் இரண்டாவது விருப்பம் இந்தத் தரிசுக் கட்சிதான். நேருக்கு நேர் நின்றால் அது முதல் தரப்பை 60–40, மற்றதை 65–35 என்று வீழ்த்தும். மூவரும் நின்றால் மூன்றாமிடம்.

அடுத்த தேர்தல் இன்னும் மோசம். ‘ஓட்டை வீணாக்காதே’ என்ற பேச்சு டீக்கடையில் கிளம்பியதும் அந்த 25-ல் பாதிப் பேர் இரு பக்கமும் ஒதுங்கிவிடுவார்கள். செல்லுபடியான வாக்கில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் டெபாசிட் காலி: சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000. போட்டி இருமுனையாக இறுகினால் பெரிய கட்சியும் தப்பாது. 2010 பென்னாகரம் இடைத்தேர்தலில் திமுக வென்று, பாமக இரண்டாமிடம் பிடிக்க, அதிமுகவே டெபாசிட் இழந்தது.

இரு கட்சிகளும் வாக்குக்காக நடுவுக்கு நகரும் என்று 1957-ல் அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் விளக்கினார். மக்கள் நடுவில் குவிந்து, களத்தில் இருவர் மட்டும் இருக்கும்வரை அது சரி. ஊர் இரண்டு பட்டபின் நடுவுக்கு வரும் கட்சிக்கு அதன் தொண்டனே பூத்தில் உட்கார மாட்டான்.

1, 2, 3 என்று விருப்ப வரிசை போடச் சொன்னால்? குடியரசுத் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம், 1969-ல் வி.வி.கிரி வென்றது இரண்டாம் விருப்ப வாக்கையும் எண்ணிய பிறகே. ஆனால் முதல் விருப்பம் குறைவாக வாங்கிய கடைசி ஆளை முதலில் கழித்து, அவர் ஓட்டை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவதால் நம் ஊரில் தரிசுக் கட்சிதான் முதலில் வெளியேறும். 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் அலாஸ்கா மாநில இடைத்தேர்தலில் மற்ற இருவரையும் தனித்தனியே வென்றிருக்கக்கூடிய நிக் பெகிச் அப்படித்தான் கழிந்தார்.

ஏற்கத்தக்க எல்லோருக்கும் டிக் போடும் முறை இதைவிட மேல். கோளாறு அதிலும் உண்டு: தன் ஆள் தோற்றுவிடுவாரோ என்று பயந்து எல்லோரும் தன் ஆளுக்கு மட்டும் ஒரே ஒரு டிக் போட்டால், பழையபடி 40–35–25.

விதி மாறும்வரை நடுநிலைக் கட்சி எல்லாத் தொகுதியிலும் நிற்பது காசைக் கரைக்கும் வேலை. தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ல் பூத் வாரியான வாக்குக் கணக்கு இருக்கிறது. இரண்டாமிடக் கட்சி நொண்டுகிற தொகுதியை அதில் தேடி, அங்கே மூன்றாவதாக அல்ல, இரண்டாவதாக நிற்க வேண்டும்.