பின் ஆக்சிலில் பல் மாற்றுவதா, ஆக்சிலையே மாற்றுவதா?

“அண்ணே, கிரவுன் பினியன் மட்டும் மாத்திப் போட்டா போதுமா, இல்ல ஆக்சிலையே மாத்திரணுமா?” லாரி ஓனர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பின் சக்கரங்களைத் தாங்கும் அச்சுதான் பின் ஆக்சில். அதன் நடுவே, இன்ஜினின் சுற்றைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பெரிய, சிறிய பல்சக்கர ஜோடிதான் கிரவுன் பினியன். கேட்கும்போதே பெரும்பாலும் கையில் இரண்டு விலைச்சீட்டு இருக்கும். எது குறைவோ அதற்கு மனசு ஏற்கெனவே சாய்ந்திருக்கும். விலையைப் பார்ப்பது தப்பில்லை, ஆனால் அது கடைசியில் பார்க்க வேண்டியது. வண்டிக்கு என்ன குறை என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பின் ஆக்சிலில் வரும் தொல்லைகளை இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு, ஒத்துவராதது: இன்ஜின் அலறுகிறது, டீசல் குடிக்கிறது, அல்லது ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது. இன்னொன்று பலம் போதாதது: சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்ட் தண்டு முறிகிறது, அதை மூடியிருக்கும் ஹவுசிங் கூடு வளைகிறது, சக்கரம் மாட்டும் ஹப்பில் ஆயில் கசிகிறது. முதல் குறைக்குத்தான் கிரவுன் பினியன் மாற்றுவது தீர்வு. இரண்டாவதற்கு அதைச் செய்தால் பணம் போகும், குறை அப்படியே நிற்கும். மதுரை சுற்றுச்சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் எனக்கு இந்தக் குழப்பம்தான் தீராத கவலை.

ரேஷியோ என்பது கிரவுன் வீலின் பற்களை பினியனின் பற்களால் வகுத்து வருவது. கிரவுனில் 41 பல், பினியனில் 6 பல் என்றால் 6.83. அதே 41-க்கு 7 பல் பினியன் என்றால் 5.86. 10.00-20 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 3.2 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு ஆயிரம் மீட்டர், அதாவது சக்கரம் நிமிடத்துக்கு 312 சுற்று. டாப் கியர் நேரடியாக ஒன்றுக்கு ஒன்று இருக்கிற வண்டியில், 6.83 ரேஷியோவுக்கு இன்ஜின் சுமார் 2,135 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். 5.86 என்றால் 1,830 போதும். அதே வேகம், அதே லோடு, இன்ஜினுக்கு ஏழில் ஒரு பங்கு சுற்று மிச்சம்.

ஆனால் சக்கரத்துக்குப் போகும் இழுவையும் அதே ஏழில் ஒரு பங்கு குறைகிறது. இதை விற்கிறவர் சொல்வதில்லை. ஓனருக்கும் “டீசல் மிச்சமாகும்” என்ற பாதிதான் காதில் விழுகிறது. சுற்று ஏழில் ஒன்று குறைந்தால் டீசலும் ஏழில் ஒன்று குறையும் என்று நினைத்துவிடவும் கூடாது. லோடும் காற்றும் அப்படியேதான் இருக்கின்றன. மாதம் 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது என்று வையுங்கள். அது 4.2 ஆனால் மாதம் சுமார் 60 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் ஏறத்தாழ 5,500 ரூபாய். கிரவுன் பினியன் செட், பேரிங், சீல், ஆயில், கூலி, வண்டி நின்ற நாட்களின் வாடகை எல்லாவற்றையும் கூட்டி, இந்தத் தொகையால் வகுத்துப் பாருங்கள். விடையாக வரும் எண்தான் போட்ட பணம் திரும்பும் மாதக் கணக்கு. அத்தனை மாதம் அந்த வண்டியை வைத்திருப்பீர்களா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

எந்த ரேஷியோ சரி என்பதை உங்கள் ரூட்தான் சொல்லும். விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று நான்குவழிச் சாலையில் தெற்கே ஓடும் வண்டிக்கும், மேலூர்ப் பக்கம் கல் குவாரிக்குள் இறங்கி ஏறும் டிப்பருக்கும் ஒரே ரேஷியோ பொருந்தாது. குவாரியில் ஓடிய வண்டியைப் பழையதாக வாங்கி, பாடி மாற்றி, சென்னை லோடு அடிப்பவர்கள் இங்கே நிறைய. அவர்கள் வண்டி அறுபதிலேயே அலறும், ஆர்பிஎம் முள் பச்சைப் பகுதியைத் தாண்டி நிற்கும். ஹவுசிங் நன்றாக இருந்தால் இவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு ரேஷியோ மாற்றச் சொல்வேன்.

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் வழியாகக் குமுளி ஏறுகிறவர்கள், போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். ஏற்றத்தில் கியரைக் குறைத்து எப்படியாவது ஏறிவிடலாம். லோடோடு கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி எடுக்கும்போது கிளட்ச் பிளேட் கருகும், அதையாவது மாற்றிக்கொள்ளலாம். இறக்கம்தான் உயிர்ப் பிரச்சினை. ரேஷியோ எண் குறைந்தால், அதே கியரில் இன்ஜினும், புகைக் குழாயை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் குறைகிறது. அந்தக் குறையை டிரைவர் கால் பிரேக்கால் ஈடுகட்டுவார், டிரம் சூடேறும், பிரேக் பிடிக்காமல் போகும். பெங்களூரு லோடு அடிக்கிறவர்களுக்குத் தொப்பூர் இறக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரேஷியோ மாற்றிய வண்டியை டிரைவரிடம் கொடுக்கும்போது, முன்பு எந்தக் கியரில் இறங்கினாரோ அதற்கு ஒரு கியர் கீழே போட்டு இறங்கச் சொல்லிக் கொடுங்கள். ஓனருக்கு மட்டும் தெரிந்து டிரைவருக்குத் தெரியாத மாற்றம் ஆபத்தானது.

அடுத்தது பலம். மேலூர்ப் பக்கத்து டிப்பர் ஒன்று அடுத்தடுத்து ஆக்சில் ஷாஃப்ட் முறிந்து வந்தது. இழுவை போதவில்லை, அதனால்தான் முறிகிறது, 6.83 போட்டுக் கொடுங்கள் என்றார் ஓனர். 5.86-லிருந்து 6.83-க்குப் போனால் இழுவை ஆறில் ஒரு பங்கு கூடும் என்பது உண்மைதான். ஆனால் கூடுகிற இழுவை முழுவதும் அதே ஷாஃப்ட் வழியாகத்தானே போக வேண்டும்! ஏற்கெனவே முறிகிற ஷாஃப்டின் மேல் இன்னும் பாரம் ஏற்றும் வைத்தியம் அது. முறியாமல் இருந்த மறுபக்கத்து ஷாஃப்டை உருவினோம். பாதி வரை வழுக்கிக்கொண்டு வந்தது, கடைசி ஒரு சாண் சிக்கிச் சிக்கித்தான் வந்தது. நுனியில் இருக்கும் வரிப்பற்களை விளக்கில் காட்டினேன். சுற்றிலும் ஒரே மாதிரி தேயாமல் சாய்வாகத் தேய்ந்திருந்தது. டயரின் உள்ளோரமும் தின்றிருந்தது. ஹவுசிங் வளைந்துவிட்டது. இனி அதற்குள் எந்தப் பல்லைப் போட்டாலும் ஷாஃப்ட் முறியத்தான் செய்யும். முழு ஆக்சிலும் மாற்றினோம்.

ஆகவே கிரவுன் பினியனுக்கு விலை கேட்கும் முன் ஹவுசிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தைச் சுற்றி மண்ணையும் கிரீஸையும் கழுவிவிட்டுப் பார்த்தால் முடி போல விரிசல் தெரியும். சீல் மாற்றியும் அதே ஹப்பில் திரும்பத் திரும்பக் கசிந்தால், குற்றம் சீலில் இல்லை. பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருக்கலாம், ஹவுசிங் வளைந்திருக்கலாம். விரிசலில் வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பாரம் முழுவதும் உட்காரும் இடத்தில் வெல்டிங் சூடு பட்டால் இரும்பின் குணமே மாறும், நேராக இருந்ததும் கோணும். அந்த வண்டிக்குப் பின்னால் ஒரு குடும்பம் டூவீலரில் வரும் என்பதை நினைத்து, நான் அதைச் செய்வதில்லை.

நடுவே ஒரு வழியும் இருக்கிறது. ஹவுசிங் நல்லபடி இருந்து, கிரவுன் பினியன் உட்காரும் டிஃபரன்ஷியலுக்குள் மட்டும் எல்லாம் நொறுங்கிப்போனால், அந்த டிஃபரன்ஷியலை மட்டும் முழு செட்டாகக் கழற்றி வேறொன்று மாட்டலாம். கழற்றி மாட்டும் வேலை சீக்கிரம் முடியும். சீசன் நேரத்தில் வண்டி நிற்கக் கூடாது என்பவர்களுக்கு இது உதவும்.

முழு ஆக்சில் என்று முடிவானால், புதிது வாங்க வசதியில்லாதவர்கள் காயலான் கடைக்குப் போவார்கள். போகலாம், ஆனால் அளந்து வாங்குங்கள். ஸ்பிரிங் உட்காரும் இரண்டு இடங்களுக்கும் நடுவே உள்ள தூரம், சக்கர போல்ட்டுகளின் எண்ணிக்கையும் வட்டமும், பிரேக் டிரம் அளவு, கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் பிளேஞ்ச் தட்டு, ஏபிஎஸ் சென்சார் வளையம் இருக்கிறதா இல்லையா, இவ்வளவும் உங்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். ரேஷியோ என்ன என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்க ஹப்பைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். பினியன் பிளேஞ்சில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அது எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். ஏழுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 6.83, ஆறுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 5.86. கைக்கு எட்டும் இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆக்சிலை ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

பின்னால் இரண்டு ஆக்சிலும் இழுக்கும் பத்து டயர் வண்டியா? அப்படியானால் ரேஷியோ இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும், டயர் தேயும், நடு டிஃபரன்ஷியல் கருகும். செலவை இரட்டிப்பாகப் போட்டுக் கணக்குப் பாருங்கள்.

மீட்டர் விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. பல லாரிகளில் வேகத்தை அளக்கும் சென்சார் கியர்பாக்ஸில் இருக்கிறது. அது புரொப்பல்லர் ஷாஃப்டின் சுற்றைத்தான் எண்ணும். 6.83-ஐ 5.86 ஆக்கிவிட்டு மீட்டரைத் திருத்தாமல் விட்டால், முள் 80 காட்டும்போது வண்டி 93-ல் போகும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் அதே கணக்கில்தான் ஏமாறும். சரக்கு வண்டிக்கு 80, டிப்பருக்கும் டேங்கருக்கும் 60 என்று வைத்திருக்கும் வரம்பு அர்த்தமில்லாமல் போய்விடும். மைலேஜ் கணக்கும் தலைகீழாகும். உண்மையில் 4.2 தரும் வண்டி மீட்டர்படி 3.6 தான் காட்டும், “மாத்தியும் பிரயோஜனமில்லை” என்று ஓனர் புலம்புவார். எதிர்த்திசையில், 6.83-க்கு மாற்றிய வண்டி மைலேஜ் கூடியதாகப் பொய் சொல்லும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டி என்றால் கம்பெனி சர்வீஸில் கணினியிலும் புது ரேஷியோவைப் பதிய வேண்டியிருக்கும். அது முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு வேலையில் இறங்குங்கள்.

பெரிய ஆக்சில் போட்டால் கூடுதல் லோடு ஏற்றலாம் என்பதும் தப்பு. 2018-ல் மத்திய அரசு நான்கு டயர் உள்ள ஒற்றைப் பின் ஆக்சிலின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. ஆனாலும் உங்கள் ஆர்சியில் எழுதியிருக்கும் மொத்த எடைதான் உங்களுக்கான எல்லை, புது ஆக்சில் அதை மாற்றாது. வண்டியின் ஆர்சி விவரங்கள் கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் ரேஷியோவுக்குள் நின்றுகொள்வது எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கும் இன்சூரன்ஸுக்கும் நல்லது.

ரேஷியோ மாற்றுவது என்று முடிவானால், வேலை நடக்கும் இடத்தில் கூடவே நில்லுங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தி வருபவை, இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கும். எண் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள். ஒன்று மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அதை மட்டும் மாற்றக் கூடாது. பொருத்திய பிறகு பற்களில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பல் பதியும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனியிலோ அடியிலோ விழுந்தால், பினியன் உட்காரும் ஆழத்தைச் சரிசெய்யும் ஷிம் தகடு சரியில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான ப்ளே என்கிற இடைவெளியை டயல் வைத்து அளக்க வேண்டும், கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்பது போதாது. உங்கள் வண்டிக்கான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும், பொதுவாக அது கால் மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அளவு குறைந்தால் சூடேறும், கூடினால் ஊளையிடும்.

வண்டியை எடுத்ததும் நேரே முழு லோடுக்கு அனுப்ப வேண்டாம். முதலில் காலியாக வாடிப்பட்டி வரை போய் வாருங்கள், நிறுத்தி ஹவுசிங்கில் கை வைத்துப் பாருங்கள், ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சில நூறு கிலோமீட்டர் அரை லோடு போதும். ஜிஎல்-5 தர கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். 1,000 கிலோமீட்டரில் அந்த ஆயிலை வடித்துவிட்டு, வடிகால் நட்டில் இருக்கும் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தால் பல் பழகுகிறது என்று அர்த்தம், புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். விரலில் குத்துகிற மாதிரி சில்லு வந்தால் அன்றைக்கு லோடு எடுக்காதீர்கள், வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்து திறந்து பாருங்கள்.