ரெஜிமென்ட்: ‘படைப்பிரிவு’ ஏன் போதாது?

1806 வேலூர்ப் புரட்சி பற்றிய தமிழாக்கங்களில் ‘23ஆம் படைப்பிரிவின் 2ஆம் படைப்பிரிவு’ என்கிற மாதிரி ஒரு தொடர் தலைகாட்டாமல் இருப்பதில்லை. வாசிப்பவர் அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்துவிடுவார். பிழை அச்சில் இல்லை. ரெஜிமென்ட், பட்டாலியன் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டதில் இருக்கிறது.

ரெஜிமென்ட், ‘ஆளுகை’ என்னும் பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பட்டாலியனுக்கு வேர், போர் என்னும் சொல். ஒன்று நிர்வாகக் குடை, மற்றது களத்தில் நிற்கும் அணி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் காலாட்படையில் இந்தக் குடை பிந்தித்தான் வந்தது. முதலில் சிப்பாய்கள் கம்பெனி எனப்படும் தனித்தனிச் சிறு குழுக்களாக இருந்தார்கள். 1758இல், பிரெஞ்சுத் தளபதி லாலியின் சென்னை முற்றுகை நெருங்கிய வேளையில், அவை பட்டாலியன்களாகத் திரட்டப்பட்டன. 1796 சீரமைப்பில்தான் இரண்டிரண்டு பட்டாலியன்களைச் சேர்த்து ஒரு ரெஜிமென்ட் ஆக்கினார்கள். 1824இல் மறுபடி பிரித்து, ஒரு ரெஜிமென்ட்டுக்கு ஒரே பட்டாலியன் என்று புது எண் கொடுத்தார்கள். 1857இல் மங்கள் பாண்டே இருந்த வங்காளத்து 34ஆம் ரெஜிமென்ட் இந்த வகை. இங்கே இரண்டு சொல்லும் ஒரே ஆட்களைக் குறிப்பதால் ‘படைப்பிரிவு’ தப்பித்துக்கொள்கிறது. 1806இல் தப்பாது: வேலூர்க் கோட்டையில் 1ஆம் ரெஜிமென்ட்டின் இரண்டு பட்டாலியன்களும் இருந்தன, 23ஆம் ரெஜிமென்ட்டிலிருந்து இரண்டாவது மட்டும்.

‘படைப்பிரிவு’ தூய தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி, பிரிகேட், டிவிஷன் எல்லாமே படையின் பிரிவுதானே? எதற்கும் பொருந்தும் சொல் எதையும் சுட்டாது. பட்டாலியனுக்குப் ‘பட்டாளம்’ இருக்கிறது. ஐரோப்பியர் வழி வந்ததென்று தூய்மைவாதிகள் அதை ஒதுக்குகிறார்கள். சென்னையில் ஒரு பகுதிக்கே பெயராகிவிட்ட சொல்லை இனி எந்தக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்புவது? அதன் உண்மையான குறை வேறு: ‘பட்டாளத்துக்குப் போனான்’ என்னும்போது மொத்த ராணுவத்தையும் குறிக்கிறது. எண்ணோடு சேர்த்து ‘2ஆம் பட்டாளம்’ என்றால் அந்தக் குழப்பம் வராது.

ரெஜிமென்ட்டுக்கு என் தேர்வு, ஈழத்தமிழில் நன்றாகப் பழகிய ‘படையணி’. ஆக, ‘23ஆம் படையணியின் 2ஆம் பட்டாளம்’. கம்பெனியைக் கம்பெனி என்றே விடலாம். வணிகக் கம்பெனிக்குத்தான் ‘கும்பினி’ என்ற பழைய வழக்கு கைவசம் இருக்கிறதே. அதையும் ‘நிறுவனம்’ ஆக்கி, ‘நிறுவனத்தின் சிப்பாய்கள்’ என்று எழுதுகிறார்கள். ஏதோ வங்கி வாசல் காவலாளிகள் போல.