புலிமியா நெர்வோசா: ஒரு சொல்லும் அதன் தமிழும்

"உது என்ன தங்கச்சி, புலியோ?"

கிளினிக் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டா. மகளின் வருத்தத்துக்கு வைத்தியர் ஆங்கிலத்தில் பெயர் எழுதி, ஒருமுறை வாயாலும் சொல்லியிருந்தார். புலிமியா நெர்வோசா. அக்காவின் காதில் முதல் இரண்டு எழுத்துத்தான் விழுந்திருந்தது. அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். 'பெரும்பசி' என்று போட்டிருந்தது. வாசித்துக் காட்டியதும் அக்காவின் முகம் தெளிந்தது. "பசியெண்டால் வடிவாச் சமைச்சுக் குடுக்கலாம்தானே." தமிழ்ச் சொல்லே அவவைப் பிழையான பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இது வெறும் பசியல்ல, அளவுமீறி உண்டுவிட்டு, உடம்பு வைத்துவிடுமென்று பயந்து அதை வெளியேற்றும் நோய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லில் இருப்பது எருது. கிரேக்கத்தில் 'பூஸ்' என்றால் மாடு, 'லிமோஸ்' என்றால் பசி. இரண்டும் சேர்ந்து 'பூலிமியா'. எருதுபோலப் பசிப்பது என்றும், எருதையே தின்னும் பசி என்றும் இரண்டு விதமாகப் பொருள் சொல்வார்கள். தமிழில் அந்த இடத்தில் யானை நிற்கிறது. பெரும்பசியை யானைப்பசி என்கிறோம். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த நோயின் பெயர் யானைத்தீ. முனிவரின் நாவற்கனியை மிதித்ததால் சாபம் பெற்று, எவ்வளவு தின்றாலும் அடங்காத பசியோடு அலைந்தவள் அவள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட சோற்றில்தான் அந்தத் தீ அவிந்தது. அந்தப் பாத்திரம் கிடைத்த மணிபல்லவம் எங்கள் யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் என்று இங்கே பலரும் நம்புகிறோம். கிரேக்கரின் பழைய 'பூலிமியா'வுக்கு யானைத்தீயைவிட நல்ல தமிழ் கிடையாது. ஆனால் இன்று கிளினிக் கொப்பியில் எழுதப்படும் நோய்க்கு அது பொருந்தாது. காயசண்டிகைக்கு ஒரு பிடி சோறு மருந்தானது. இந்தப் பிள்ளைகளுக்கு அந்தச் சோறே பயம்.

'நெர்வோசா' இலத்தீன். நரம்பு சார்ந்தது என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில், உடலில் காரணம் காணமுடியாமல் மனத்தோடு தொடர்புபட்ட நோய்களுக்கு இதை ஒட்டினார்கள். உணவை மறுத்து மெலியும் நோய்க்கு வில்லியம் கல் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1873இல் 'அனொரெக்சியா நெர்வோசா' என்று பெயர் வைத்தார். லண்டனில் ஜெரால்ட் ரசல் என்ற மனநல வைத்தியர் 1979இல் 30 நோயாளரைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் 'புலிமியா நெர்வோசா' பிறந்தது. மூன்று குறிகளை அவர் சொன்னார்: அடக்கமுடியாமல் அளவுமீறி உண்ணும் உந்தல், உடம்பு வைத்துவிடாமல் இருக்கச் சத்தி எடுப்பது அல்லது பேதி மருந்து எடுப்பது, பருத்துவிடுவோம் என்ற பெரும் பயம். 'பெரும்பசி' என்ற சொல் இவற்றில் முதலாவதைத்தான், அதையும் அரைகுறையாகத்தான் சொல்கிறது. பிற்பாடு வந்த வரையறைகள் பட்டினி கிடப்பதையும் அளவுமீறிய உடற்பயிற்சியையும் இரண்டாவது குறியோடு சேர்த்தன. 2013இன் அமெரிக்க வரையறைப்படி இந்தச் சுழற்சி மூன்று மாதமாகச் சராசரி வாரத்துக்கு ஒருமுறையாவது நடந்தால் அது நோய்.

அக்கா வீட்டில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காலையில் பிள்ளை ஒன்றும் சாப்பிடமாட்டாள். மத்தியானம் இரண்டு கரண்டி சோறு. இரவு எல்லாரும் படுத்தபின் அரை றாத்தல் பாணும் ரின்பாலும் மறைந்துவிடும். மெத்தைக்குக் கீழே வெறும் பிஸ்கட் பைக்கற்றுகள். பிறகு குளியலறைக் குழாயைத் திறந்துவிடும் சத்தம், நெடுநேரம். தண்ணீரைச் சும்மா விடுகிறாள் என்று அக்கா ஏசினா. அந்தத் தண்ணீர் மற்றச் சத்தத்தை மறைக்கத்தான் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவள் மெலியவுமில்லை. இந்த நோயுள்ள பலரின் நிறை சாதாரணமாகவே இருக்கும். முதலில் சந்தேகப்பட்டவர் பல் வைத்தியர். முன்பற்களின் உட்புறம் வயிற்றுப் புளிப்பில் கரைந்திருந்தது.

காரணம் ஒன்றல்ல. பரம்பரை ஓரளவு சேர்கிறது. மனச்சோர்வும் பதகளிப்பும் சேர்கின்றன. சின்ன வயதில் பட்ட காயங்களும், உடம்பைப் பற்றிக் கேட்ட கேலியும் சேர்கின்றன. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தம் வாசலில் வைத்தே "என்ன பிள்ளை, இப்பிடிப் பெருத்திட்டாய்!" என்கிறது. அன்புதான், ஆனாலும் பதினேழு வயதில் அது உள்ளே போய் இருந்துவிடும். பல பிள்ளைகளுக்கு நோய் தொடங்குவது சாப்பாட்டைக் குறைப்பதில்தான். வயிற்றைக் காயப்போட்ட உடம்பு ஒருநாள் கட்டு மீறித் தின்னும். தின்றதும் வெட்கமும் பயமும் வரும். வெளியேற்றுவாள். நாளைக்கு இன்னும் இறுக்கமாக இருப்பேன் என்று சத்தியம் செய்வாள். அந்த இறுக்கமே அடுத்த இரவுக்கு வழி. பேராசை என்றோ கொழுப்பு என்றோ இதைச் சொல்வது கொடுமை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மீதூண் நோய்' என்று ஒருவர் சொன்னார். அளவுமீறி உண்பதற்கு அழகான பழஞ்சொல்தான். ஆனால் 'மீதூண் விரும்பேல்' என்று அரிவரியில் படித்த பிள்ளைக்கு அந்தப் பெயரே ஏச்சாக விழும். மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த வைத்தியர் கிறீன், வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். 1875இல் வெளிவந்த நூல் அது. தமிழாக்கத்துக்கு உழைத்த மனிதரே தேவைப்பட்ட இடத்தில் கடன் வாங்கியிருக்கிறார். ஆகவே 'புலிமியா' என்று எழுதுவதில் குற்றமில்லை. விளக்கப் பெயராக நான் முன்வைப்பது 'உண்டுமிழ் நோய்'. உலகை உண்டுமிழ்ந்தவன் என்று திருமாலைப் பாடிய மொழியில் இந்தச் சேர்க்கை புதிதல்ல. உண்பதும் வெளியேற்றுவதும் ஒரே சொல்லில் நிற்கின்றன, பழி இல்லை. சத்தி எடுக்காமல் பட்டினியால் ஈடுகட்டுவோரை அது விட்டுவிடுகிறது என்பது குறைதான்.

மருந்தென்று பார்த்தால் முதலிடம் பேச்சுச் சிகிச்சைக்கு. ஒக்ஸ்போர்டில் மனநல வைத்தியர் கிறிஸ்டோபர் ஃபெயர்பேர்ன் வகுத்த முறையில் ஏறத்தாழ 20 அமர்வுகள். அதன் முதற்படி கேட்க எளிது: மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, நீண்ட நேரம் வயிற்றைக் காயவிடாமை, உண்டதையும் அப்போதிருந்த மனநிலையையும் எழுதி வைத்தல். வளரிளம் பருவத்தினருக்குப் பெற்றோரைச் சேர்த்த சிகிச்சை உதவும். ஃபுளுவொக்செற்றின் என்ற மாத்திரை சிலருக்குத் தரப்படும். அளவு வைத்தியரின் கையில். சத்தியாலோ பேதியாலோ உடம்பில் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே பிசகும் என்பதால் இரத்தப் பரிசோதனை அவசியம். சத்தி எடுத்த உடனே பல் தீட்டக்கூடாது, தண்ணீரால் கொப்பளித்தால் போதும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ சத்தியில் இரத்தமோ கண்டால் கிளினிக் நாள்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அரச ஆஸ்பத்திரியில் மனநலச் சிகிச்சைக்குக் காசு கட்டவேண்டியதில்லை. முதலில் யாரோடாவது பேசவேண்டுமென்றால் இலங்கைத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

இப்போது நாலு மணிக்கு அக்கா தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே இருக்கிறா. சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பதில்லை. போன கிழமை நான் என் சொல்லைப் பிள்ளைக்குச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"புத்தகத்துக்குச் சரி சித்தி. என்னட்டைக் கதைக்கேக்கை புலிமியா எண்டே சொல்லுங்கோ. உமிழ் எண்டால் அந்தக் குழாய்ச் சத்தம்தான் கேக்குது."

அவளோடு கதைக்கும்போது அப்படியே சொல்கிறேன்.