கிரியோல் என்றால் கலப்பினம் அல்ல

அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பான் 1899-இல் எழுதிய ‘விழிப்பு’ நாவலைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசினார்கள். பேசியவர் எடுத்த எடுப்பிலேயே, “கதாநாயகி எட்னா ஒரு கலப்பினச் சமூகத்தில் வாழ்க்கைப்பட்ட வெள்ளைக்காரப் பெண்” என்றார். நாவலில் ‘கிரியோல்’ என்று வருவதைத்தான் இப்படிக் ‘கலப்பினம்’ ஆக்குகிறார்கள். இதே சொல்லை இதே நாவலுக்காக நான் கேட்பது மூன்றாவது முறை. இனியும் பேசாமலிருக்க முடியவில்லை.

கிரியோல் என்பதன் வேர் கலப்பைப் பற்றியதே அல்ல. போர்த்துகீசிய, ஸ்பானிய மொழிகளில் ‘கிரியார்’ என்றால் வளர்த்தல். அதிலிருந்து வந்தது ‘கிரியோல்யோ’. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் ‘கிரியோல்’ ஆக்கினார்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்கு அந்தக் குடியேற்ற நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்பதே முதற்பொருள். பெற்றோர் ஐரோப்பியராகவும் இருக்கலாம், ஆப்பிரிக்க அடிமைகளாகவும் இருக்கலாம். எங்கே பிறந்தார் என்பதே கேள்வி.

நாவலின் கதை நடக்கும் லூயிசியானாவை 1803-இல் பிரான்சிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய பிறகு, இந்தச் சொல்லுக்கு அங்கே புதிய வேலை வந்தது. ஆங்கிலம் பேசிக்கொண்டு வந்திறங்கிய அமெரிக்கர்களிடமிருந்து தங்களைப் பிரித்துக் காட்ட, பிரெஞ்சு பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்களைக் கிரியோல் என்றன. வெள்ளையரும் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். அடிமைத்தளையில் இல்லாத கறுப்பு, கலப்பு வழிக் குடும்பங்களும் சொல்லிக்கொண்டன. உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அது தங்களுக்கே உரிய சொல் என்று வெள்ளைக் கிரியோல்கள் வாதாடினார்கள். ஷோப்பான் எழுதியது அந்தச் சூழலில். அவருடைய தாய்வழியே செயின்ட் லூயிஸ் நகரத்துப் பிரெஞ்சுக் குடும்பம், கணவர் லூயிசியானாக்காரர். தம் கதைமாந்தர்களை என்ன சொல்லி அழைக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்போது ‘கலப்பினம்’ என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் அது எங்கே வாழ்கிறது? கலப்பின மாடு, கலப்பின விதை. கால்நடைத் துறையும் வேளாண் துறையும் சரியாகப் பயன்படுத்தும் சொல் அது. அதை மனிதர்மேல் ஏற்றுவதே எனக்கு உவப்பில்லை. உவப்பை விடுங்கள், பொருளும் கெடுகிறது. நாவலில் எட்னாவின் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஒரு தாதி வருகிறாள். அவளை ஷோப்பான் குறிக்கும் சொல், பாட்டன் பாட்டி நால்வரில் ஒருவர் ஆப்பிரிக்கர் என்று இரத்தத்தைக் கணக்கிட்ட அக்காலத்துச் சொல். எட்னாவின் கணவர் லியோன்ஸையும் கலப்பினம் என்று எழுதிவிட்டால், இந்தத் தாதிக்கு என்ன எழுதுவீர்கள்? எசமானரையும் ஏவல் செய்பவளையும் ஒரே சொல்லால் அழைத்து, அந்த வீட்டின் மேல்கீழ் முழுவதையும் அழித்துவிடுகிறது இந்த மொழிபெயர்ப்பு.

பெண்ணின் தற்சார்பு பற்றிய கதை என்றுதானே இந்த நாவலைக் கொண்டாடுகிறோம்? அந்தக் கதையும் இந்தச் சொல்லில்தான் தொங்குகிறது. எட்னா கென்டக்கியில், கண்டிப்பான பிரெஸ்பிடேரியன் (சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவு) குடும்பத்தில் வளர்ந்தவள். லூயிசியானாக் கடலோரத் தீவான கிராண்ட் ஐலில் கோடையைக் கழிக்கும் கிரியோல் பெண்களோ பிரசவத்தைப் பற்றி ஆண்கள் முன்னால் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். எட்னா மறைத்து வைத்துப் படித்த புத்தகத்தை மேசையில் வைத்து விவாதிக்கிறார்கள். ஆனால் கற்பு, கணவன், குழந்தை என்ற வரம்பை யாரும் தாண்டுவதில்லை. பேச்சில் இருந்த விடுதலை வாழ்க்கையிலும் இருக்கிறது என்று எட்னா எடுத்துக்கொள்கிறாள். அவளுடைய கிரியோல் தோழி அடேல், எட்னாவுடன் விளையாட்டாகப் பழகும் இளைஞன் ராபர்ட்டிடம், ‘அவள் நம்மவள் அல்ல, உன் விளையாட்டை உண்மையென்று நம்பிவிடுவாள்’ என்ற பொருளில் எச்சரிக்கிறாள். அந்த ‘நம்மவள்’ என்ற சொல்லுக்குள் மொழியும் மதமும் வளர்ப்பும் இருக்கின்றன. ‘கலப்பினம்’ என்று முன்பே படித்துவிட்ட தமிழ் வாசகருக்கு அது தோல் நிறத்தைப் பற்றிய பேச்சாகத்தான் கேட்கும்.

‘அகராதியிலேயே கலப்பு என்று இருக்கிறதே’ என்பார்கள். இருக்கிறது, சில ஊர்களில் அந்தப் பொருளும் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் பொருள்களில் ஒன்றை உருவிக்கொண்டு போகிறவர் அல்லர். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் வாய்ச்சொல் என்று கேட்க வேண்டியவர். அண்மைக்காலத்தில் இந்தக் கேள்வி கேட்காமலே பக்கங்கள் நிறைகின்றன. மொழியியலிலும் கிரியோல் மொழிகளைக் ‘கலப்பு மொழி’ என்றே எழுதிவருகிறோம். மொரீஷியசில் தமிழ் வழியினர் பலருக்கும் வீட்டுமொழி கிரியோல்தான். தனக்கெனத் தனி இலக்கணம் கொண்ட தாய்மொழி அது.

‘மண்ணின் மைந்தர்’ என்று எழுதலாம் என்றார் ஒரு நண்பர். கூடவே கூடாது. லூயிசியானா மண்ணின் மைந்தர்கள் சிட்டிமாச்சா முதலிய தொல்குடியினர்.

எனக்குத் தூயதமிழ்ச் சொல்மீது பற்று உண்டு. எனவே பொதுப்பொருளுக்குக் ‘குடியேற்றப் பிறப்பினர்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பேன். ஸ்பானிய அமெரிக்க வரலாற்றை எழுதும்போது அது பொருந்தும். லூயிசியானாவுக்கு மட்டும் கிரியோல் என்றே எழுதுங்கள். அயற்சொல்லைத் தமிழ் எழுத்துக்குள் இசைவித்து ஏற்கத் தொல்காப்பியரே வழிவிட்டிருக்கிறார். கிரியோல் என்பதில் ஓர் எழுத்தும் தமிழுக்கு உறுத்தவில்லை. முதலில் வரும் இடத்தில் ‘லூயிசியானாவில் பிறந்து வளர்ந்த பிரெஞ்சு வழியினர்’ என்று ஒரு வரி சேர்த்தால், எட்னா அங்கே ஏன் அந்நியள் என்பதும் அந்த இடத்திலேயே விளங்கிவிடும்.