கோர்ட் வராந்தாவில் பேச வருபவர் யார் என்று முதலில் கேளுங்கள்

இங்கிலாந்தில் வாடகை பாக்கி வழக்குக்காக கவுண்டி கோர்ட்டுக்குப் போகிறவர்களில் பலர், நீதிபதியைப் பார்ப்பதற்கு முன்பே தோற்றுவிடுகிறார்கள். கையில் ஃபைலோடு ஒருவர் வருவார். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "கொஞ்சம் பேசலாமா?" என்று மரியாதையாகக் கேட்பார். கோர்ட் அனுப்பிய ஆள் என்று நினைத்து நம்மவர்கள் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். ஆனால் அவர் வீட்டுச் சொந்தக்காரரின் வழக்கறிஞர். மொழிபெயர்க்க நான் கூடப் போயிருந்த ஓர் அம்மா, நான் பக்கத்தில் இல்லாத ஐந்து நிமிடத்தில், தன்னால் கட்டவே முடியாத மாதத் தவணைக்குத் தலையாட்டிவிட்டார். உள்ளே போனதும் இரு தரப்பும் ஒத்துக்கொண்டதாகச் சொன்னார்கள், உத்தரவு வந்துவிட்டது. இரண்டு தவணை தவறியதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம்.

அதனால் முதல் கேள்வி இதுதான்: "நீங்கள் யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" உங்களுக்காக இல்லை என்றால் எதற்கும் சம்மதிக்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களுக்காகப் பேசவும் ஆள் உண்டு. வீடு பறிபோகும் வழக்குகளுக்கென்று 2023 ஆகஸ்ட் முதல் அரசுச் செலவில் இலவச சட்ட உதவி இருக்கிறது. வருமானம் கேட்கமாட்டார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் வந்த நாளிலிருந்தே இதைக் கேட்கலாம், வழக்கு நாளன்று கோர்ட்டிலும் கேட்கலாம். ஆனால் யாரும் உங்களைத் தேடி வரமாட்டார்கள். அரை மணி நேரம் முன்னதாகப் போய், பெயர் பதிகிற அஷரிடம் "டியூட்டி அட்வைசர் (அன்றைக்கு இலவச ஆலோசனை தருபவர்) எங்கே?" என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். நோட்டீஸ், வாடகைக் கணக்கு, பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) கடிதங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

சரி, நீதிபதி? உண்மை நம் பக்கம் இருந்தால் நீதிபதியே பார்த்துக்கொள்வார் என்று ஊர் வழக்கத்தில் நினைக்கிறோம். இங்கே நீதிபதி விசாரித்துக் கண்டுபிடிப்பவர் இல்லை. இரண்டு பக்கமும் முன்வைத்ததைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்பவர். வக்கீல் இல்லாமல் வந்தவருக்கு நடைமுறையை விளக்குவார், ஆனால் உங்கள் வாதத்தை அவர் எடுத்துச் சொல்லமாட்டார். சுவரில் பூஞ்சை பிடித்த படம் உங்கள் போனில் மட்டும் இருந்தால் அப்படி ஒரு படம் இல்லாத மாதிரிதான். அச்செடுத்து, முன்கூட்டியே கோர்ட்டுக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்ப வேண்டும். கவுண்டர் ஊழியரிடம் யோசனை கேட்டால், சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது என்று ஒரு ஃபாரத்தை நீட்டுவார். அந்த ஃபாரத்தை நிரப்பவே ஆலோசனை வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்.

கடன் வழக்கில் உங்களிடம் பணம் கேட்டு கோர்ட்டிலிருந்து கிளெய்ம் கடிதம் வந்தால் பதில் சொல்ல 14 நாள்தான். கடிதம் கிடைத்தது என்று பதிவு செய்தால் 28 நாள் ஆகும். பதிலே போடாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும். ஒரு மாதத்துக்குள் முழுப் பணத்தையும் கட்டாவிட்டால் அந்தத் தீர்ப்பு 6 வருடம் பொதுப் பதிவேட்டில் நிற்கும். வாடகை வீடு தேடும்போது அப்புறம் தெரியும் அதன் வலி.

சிறு குற்ற வழக்குகள் நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பவர்கள் சட்டம் படித்தவர்களே அல்ல, சம்பளமில்லாமல் வரும் பொதுமக்கள். சட்டம் சொல்ல அவர்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆலோசகர் இருப்பார். டிவி லைசென்ஸ் இல்லை, கார் இன்ஷூரன்ஸ் இல்லை என்பது போன்ற வழக்குகளுக்கு ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: ஒரே ஒரு மாஜிஸ்திரேட், ஓர் ஆலோசகர், கூடத்தில் விசாரணை இல்லை, காகிதத்தைப் பார்த்தே தீர்ப்பு. பதிலுக்கு 21 நாள். குற்றத்தை ஒத்துக்கொண்டு, உடம்பு சரியில்லை, வேலை போய்விட்டது என்று உருகி எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தை வழக்குப் போட்டவர்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரமோ அவர்களிடம்தான். ஆகவே அதே கடிதத்தை அவர்களுக்கும் தனியாக அனுப்புங்கள். வழக்கு நடந்ததே தெரியாமல் அபராதம் வந்திருந்தால், தெரிந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் கோர்ட்டில் சத்திய வாக்குமூலம் கொடுத்து மறுபடி தொடங்க வைக்கலாம்.

போலீஸ் விஷயத்தில் ஒரே பேச்சு: சொலிசிட்டர் (வக்கீல்) இல்லாமல் வாயைத் திறக்காதீர்கள். ஸ்டேஷனில் அவர் எல்லோருக்கும் இலவசம், எவ்வளவு சம்பாதித்தாலும். கைது இல்லை, "சும்மா வந்து பேசிவிட்டுப் போங்கள்" என்று வாலண்டரி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டாலும் அந்த உரிமை உண்டு. வக்கீல் வந்தால் நேரமாகும் என்பார்கள். ஆகட்டும். இன்டர்வியூவில் பேசியது முழுவதும் பதிவாகிறது.

சொலிசிட்டர் என்பவர் உங்கள் ஃபைலை வைத்து நடத்துபவர். பாரிஸ்டர் கோர்ட்டில் எழுந்து வாதாடுபவர், பல சமயம் அன்று காலையில்தான் உங்களைப் பார்ப்பார். அதனால் முக்கியமான சங்கதியை சொலிசிட்டரிடம் வாயால் சொன்னது போதாது, எழுத்தில் கொடுங்கள். விசா விஷயத்தில் பதிவு இல்லாமல் ஆலோசனை கொடுப்பது 1999 சட்டப்படி குற்றம். கடைக்கு மேல் அறையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு ரசீது தராதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, கோர்ட் தேதி வந்த அன்றே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு, கேட்டதற்குப் பதிலையும் வாங்கி வையுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய் அப்பாவின் கடனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.