ஊக்கத்தொகை: சொல் விளக்கம்

மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்துக்கொள்ளும் நிறுவனங்களுக்கு அரசு தரும் ஆதரவைச் சேலத்துப் பக்கம் ‘சப்சிடி’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘மானியம்’ என்பார்கள். சட்டத்தில் இருக்கும் சொல் ‘இன்சென்டிவ்’. அதற்குப் பொருத்தமான தமிழ் ஊக்கத்தொகை. எப்படிச் சொன்னால் என்ன என்று இதை விட்டுவிடக் கூடாது. பேர் மாறினால், பணம் யாருக்கு, எதற்கு என்பதே குழம்பிப்போகிறது.

மானியம் வடமொழி ‘மான்ய’த்திலிருந்து வந்தது. மதிப்புக்குரியது என்பது அதன் பொருள். ஊரில் பூசாரி, தலையாரி போன்றோருக்கு அவர்கள் செய்த ஊழியத்துக்காக வரியில்லாமல் விட்ட நிலத்துக்கு அது பெயராயிற்று. கல்வெட்டுத் தமிழில் வரியில்லா நிலம் ‘இறையிலி’. 1963இல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தது, அந்த நிலமுறை போனது. சொல் மட்டும் உரம், சொட்டுநீர்க் குழாய் என்று விலையில் அரசு ஏற்கும் பங்குக்குப் பெயராக நின்றுவிட்டது.

ஊக்கத்தொகைக்கு வேர் ‘ஊக்கு’. கலித்தொகையில் ஊசலில் இருக்கும் பெண் ‘சிறிது என்னை ஊக்கி’ என்கிறாள். கொஞ்சம் ஆட்டிவிடேன் என்று கேட்கிறாள். தள்ளிவிடுவது, தூண்டுவது, அப்புறம் மனத்துக்குள் எழும் உந்துதல் என்று பொருள் விரிந்து ‘ஊக்கம்’ ஆனது. திருக்குறளில் ஊக்கமுடைமை என்று தனி அதிகாரமே உண்டு.

சட்டம் சொல்வதும் இந்தத் தள்ளிவிடுதலைத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 34ஆம் பிரிவு அரசு வேலையில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் ஒதுக்கச் சொல்கிறது. தனியாருக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதனால் 35ஆம் பிரிவு, அவர்களுடைய பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களாக இருக்கும்படி அரசு ஊக்கம் தர வேண்டும் என்கிறது. ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று அரசு நழுவ ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறது. 1995 சட்டத்திலும் இதே 5 சதவீதம் இருந்தது.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மத்திய அரசு 2008 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த திட்டத்தில், மாதம் 25,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளிக்காக முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பங்கை முதல் 3 ஆண்டுகளுக்கு அரசே கட்டும் என்று அறிவித்தது. சம்பளம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விகிதத்தில் முதலாளியின் பங்கு பி.எஃப்.புக்கு 12 சதவீதம், அதாவது 1,200, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 325. ஆக மாதம் 1,525 ரூபாய் முதலாளிக்கு மிச்சம். சம்பளம் முழுவதும் முதலாளி தருவதுதான், அதுவும் செய்த வேலைக்கு. இதை மானியம் என்றால், ‘அவருக்குக் கவர்மென்ட்டு சம்பளம் கொடுக்குது’ என்று பக்கத்தில் வேலை செய்பவரே நினைத்துவிடுகிறார். உழைத்துச் சம்பாதிப்பவருக்கு இது பெரிய அநீதி. மாற்றுத்திறனாளியின் கைக்கே மாதாமாதம் வருவது உதவித்தொகை, அது வேறு. இதை ‘வேலையளிப்போர் ஊக்கத்தொகை’ என்று முழுசாகவே எழுதலாம்.

இன்னொன்று. பி.எஃப். சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு, இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்கு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறைகள் பலவற்றில் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். கால் நடக்க முடியாத ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கலாம். கையும் கண்ணும் நிதானமாக இருந்தால் போதும். ஆனால் அவருக்கு வேலை தரும் பட்டறைக்காரர் பி.எஃப்.பும் கட்டுவதில்லை, இ.எஸ்.ஐ.யும் கட்டுவதில்லை. கட்டாத பங்கை அரசு எப்படி ஏற்கும்? பெரிய நிறுவனங்களுக்கு எட்டுகிற அந்த 2008 வகை ஊக்கத்தொகை, இந்தச் சின்னப் பட்டறைகளுக்கு எட்டாது. சேலத்தில் இப்படிப்பட்ட பட்டறைகளிலும் வேலை இருக்கிறது. பட்டறைக்கும் எட்டும்படி, பி.எஃப். கணக்கோடு கட்டாமல் நேராகத் தருகிற ஊக்கத்தொகையைத்தான் நாம் கேட்க வேண்டும்.